சான் சிரோவில் இரண்டு விடைபெறல்கள்: ராபர்ட்டோ பாஜியோவை இத்தாலி ஏன் இன்னும் விடவில்லை?

மிலான் நகரின் சான் சிரோ மைதானத்தில் ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு பெரிய வீரர்கள் விடைபெற்றார்கள்.

முதலாவது 2004 மே 16. ஏசி மிலான் அந்த ஆண்டின் லீக் பட்டத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாள். எதிரே நின்றது பிரெஷியா என்ற சிறிய அணி. ஆட்டத்தை 4-2 என்று தோற்றது. முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது பிரெஷியாவின் பயிற்சியாளர் தன் பத்தாம் எண் வீரரை வெளியே அழைத்தார். மைதானம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. மிலான் அணித்தலைவர் பாவோலோ மால்டினி அருகே வந்து அவரைக் கட்டிக்கொண்டார். தம் அணியின் வெற்றி விழாவுக்கு வந்த கூட்டம், தோற்றுக்கொண்டிருந்த எதிரணியின் 37 வயது வீரருக்காகத் தன் கொண்டாட்டத்தைச் சற்று நிறுத்தி வைத்தது. அந்த வீரர் ராபர்ட்டோ பாஜியோ. மிலான் அணிக்காக அவர் ஆடியது இரண்டே பருவங்கள்.

இரண்டாவது 2009 மே 24. அன்று விடைபெற்றவர் மால்டினியே. ஒரே அணிக்காக 25 பருவங்கள், ஏழு லீக் பட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள். ஆட்டம் முடிந்து மைதானத்தைச் சுற்றி வந்தபோது, மிலானின் தீவிர ரசிகர்கள் அமரும் பகுதியிலிருந்து சீழ்க்கை ஒலி கிளம்பியது. நம் ஊரில் சீழ்க்கை பாராட்டு. இத்தாலிய மைதானங்களில் அது அவமதிப்பு. அந்த ரசிகர்கள் முந்தைய தலைவர் ஃபிராங்கோ பரேசியின் ஆறாம் எண் சட்டையைப் பிரம்மாண்டமாக விரித்து, எங்களுக்கு ஒரே தலைவர்தான் என்று பாடினார்கள். அதே மைதானம். மால்டினியின் சொந்த வீடு.

மால்டினிக்கு நேர்ந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த இரண்டு மாலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது எழும் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. கோப்பைகளை எண்ணினால் பாஜியோ தன் தலைமுறையின் முன்வரிசையில் வரமாட்டார். இரண்டு லீக் பட்டங்கள், ஓர் இத்தாலியக் கோப்பை, ஒரு யூஏஃபா கோப்பை, அவ்வளவுதான். உலகக் கோப்பை இல்லை. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதிச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. அப்படியிருந்தும், ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் தாண்டிய பிறகும், இத்தாலியில் எந்த அணியின் ரசிகரிடமும் வாதம் இல்லாமல் சொல்லக்கூடிய பெயர் அவருடையது. இந்த ஆய்வு அதன் காரணத்தைத் தேடுகிறது.

வாக்கு எண்ணிக்கை ஒன்று

பிரியத்தை அளக்க நம்பகமான கருவி கிடையாது. ஆனாலும் ஓர் எண்ணிக்கை கண்ணில் படுகிறது. 2000-இல் ஃபிஃபா, நூற்றாண்டின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்க இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. மரடோனாவுக்கு 53.6 சதவீதம், பெலேவுக்கு 18.53, யூசேபியோவுக்கு 6.21. நான்காவது இடம் 5.42 சதவீதத்துடன் பாஜியோவுக்கு. அடுத்து வந்த ரொமாரியோவுக்குக் கிடைத்தது 1.69. இணையத்தில் அப்போது இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். தாங்கள் கண்ணால் பார்த்தவர்களுக்கே வாக்களித்திருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் ரொமாரியோவும் அவர்கள் கண்ணால் பார்த்தவர்தான். 1994 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரேசிலுக்காகக் கோப்பையைத் தூக்கியவர். அதே போட்டியில் தோற்ற பாஜியோ அவரைவிட மூன்று மடங்கு வாக்குகள் பெற்றிருக்கிறார்.

அந்தத் தோல்வியே அவரை வளர்த்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. காரணத்தைச் சொல்ல, கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

முழங்கால்

விசென்சா நகருக்கு அருகே கல்டோன்யோ என்ற சிற்றூரில் 1967 பிப்ரவரி 18 அன்று, எட்டுப் பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தவர் பாஜியோ. 1985 மே மாதம், விசென்சாவுக்காக மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். முதல் தர லீக்கான சீரி ஆவில் ஆடும் ஃபியோரென்டினா அவரை வாங்குவது முறைப்படி முடிவாகவிருந்த சமயம். ரிமினிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய வலது முழங்காலின் முன்தசைநார் அறுந்தது. அந்த ரிமினி அணியின் பயிற்சியாளர் அரிகோ சாக்கி என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காலத்தில் அந்தக் காயம் ஒரு வீரரின் முடிவு. பிரான்சின் செயின்ட் எட்டியன் நகரில் அறுவை நடந்தது; 220 தையல்கள். வலி நிவாரண மருந்துகள் அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளாது. உடல் எடை மளமளவென்று இறங்கியது. வயது 18. ஃபியோரென்டினா நினைத்திருந்தால் ஒப்பந்தத்திலிருந்து விலகியிருக்கலாம், விலகவில்லை. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் ஆடாத ஒரு பையனுக்காகக் காத்திருந்தது. சீரி ஆவில் அவருடைய முதல் கோல் 1987 மே 10 அன்று நேப்பிள்ஸில் வந்தது. ஒரு ஃப்ரீ கிக். மரடோனாவின் நாப்போலி தன் வரலாற்றின் முதல் லீக் பட்டத்தை உறுதிசெய்த அதே ஆட்டம். ஊரே கொண்டாட்டத்தில் இருந்ததால் அந்தக் கோலை அன்று கவனித்தவர்கள் குறைவு.

ஃபியோரென்டினாவின் ஊரான ஃபிளாரன்ஸ் அவரை எப்படித் தனதாக்கிக்கொண்டது என்பது 1990 மே மாதத்தில் தெரிந்தது. ஃபியோரென்டினா உரிமையாளர்கள் அவரை யுவென்டஸுக்கு விற்றார்கள். விலை 2,500 கோடி லிரா; அன்றைய உலக அளவில் உச்சம். யுவென்டஸ் ஃபிளாரன்ஸின் பரம வைரி. அதோடு, அதே மாதம்தான் யூஏஃபா கோப்பை இறுதியில் ஃபியோரென்டினாவைத் தோற்கடித்திருந்தது. தெருவில் கலவரம் வெடித்தது. சுமார் ஐம்பது பேர் காயமடைந்தார்கள். பாஜியோவின் அறிமுக நிகழ்ச்சியில் கழுத்தில் போடப்பட்ட யுவென்டஸ் துண்டை அவர் கழற்றிவிட்டார். அடுத்த ஏப்ரலில் யுவென்டஸ் வீரராக ஃபிளாரன்ஸுக்கு வந்தார். பெனால்டி கிடைத்தது, எடுக்க மறுத்தார். வேறொருவர் எடுத்தார், கோல்காவலர் தடுத்துவிட்டார். யுவென்டஸ் தோற்றது. பாதியில் வெளியே அழைக்கப்பட்டு நடந்தபோது, ரசிகர்கள் வீசிய, ஃபியோரென்டினாவின் ஊதா நிறத் துண்டைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

ஒரு தொழில்முறை வீரர் செய்யக்கூடாத காரியம் என்று சொல்பவர்கள் உண்டு. யுவென்டஸ் ரசிகர்கள் பலருக்கு அந்த வடு ஆறவே இல்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், பணம் எல்லாவற்றையும் முடிவுசெய்யத் தொடங்கிய காலத்தில், தன்னை விற்றார்கள் என்பதை மறைக்காமல் காட்டிய வீரர் இவர். ரசிகன் தன் வலியை அந்த முகத்தில் பார்த்தான்.

பத்தாம் எண்ணுக்கு இடமில்லாத காலம்

பாஜியோவின் சிக்கலைப் புரிந்துகொள்ள, அப்போதைய இத்தாலிய ஆட்டமுறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாக்கி 1980களின் இறுதியில் மிலான் அணியை உலகின் உச்சிக்குக் கொண்டுபோனார். நான்கு தடுப்பாளர், நான்கு நடுக்கள வீரர், இரண்டு முன்வரிசை வீரர். எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நகர்ந்து எதிரணியை நெருக்க வேண்டும். நாடு முழுவதும் பயிற்சியாளர்கள் இதைப் பின்பற்றினார்கள். நடுக்களத்துக்கும் முன்வரிசைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் உலவி, யாரும் எதிர்பாராததைச் செய்யும் பத்தாம் எண் வீரருக்கு இந்த வரைபடத்தில் கட்டம் கிடையாது. பாஜியோவைப் பற்றி முன்னாள் பிரெஞ்சு வீரர் மிஷேல் பிளாட்டினி, அவர் கோல் போடும் ஒன்பதும் இல்லை பத்தும் இல்லை, ஒன்பதரை என்று சொன்னார். ஒன்பதரைக்கு யார் சட்டை தைப்பார்கள்?

இங்கேதான் சக வீரர்களுடனான ஒப்பீடு பயன்படுகிறது. ஜான்ஃபிராங்கோ ஜோலாவும் அதே வகை ஆட்டக்காரர். பாஜியோவைவிட ஏழு மாதங்கள் மூத்தவர். பார்மா அணியில் பயிற்சியாளர் கார்லோ அஞ்சலோட்டி அவரை ஓரத்துக்குத் தள்ளினார். 1996 நவம்பரில் ஜோலா லண்டனுக்குப் போய் செல்சியின் அன்புக்குரியவரானார். பிறகு தாய்மண்ணான சார்டினியா தீவுக்குத் திரும்பி கால்யாரி அணியை முதல் தர லீக்குக்கு உயர்த்தினார். அவர்மீது உள்ள பிரியம் ஆழமானது. ஆனால் அது லண்டனிலும் ஒரு தீவிலும் வாழ்கிறது. பாஜியோ வெளிநாட்டு அணி எதற்கும் போகவில்லை. மறுக்கப்பட்டபோதெல்லாம் இத்தாலிக்குள்ளேயே இன்னொரு கதவைத் தட்டினார்.

மறுப்புகள் வரிசையாக வந்தன. 1995-இல் யுவென்டஸ் அவரை விட்டது. அலெசாண்ட்ரோ டெல் பியரோ என்ற இளைஞர் தயாராக இருந்தார். 1997-இல் மிலானுக்குத் திரும்பிய பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோவின் திட்டத்தில் அவருக்கு இடமில்லை. பார்மாவுக்குப் போகவிருந்தார், அஞ்சலோட்டி தன் அமைப்பில் அவரைப் பொருத்த முடியாதென்று மறுத்தார். அது தவறு என்று அஞ்சலோட்டியே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பாஜியோ பொலோன்யாவுக்குப் போய், ஒரே பருவத்தில் 22 லீக் கோல் போட்டார். 1996 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கு அப்போதைய தேசிய அணிப் பயிற்சியாளர் சாக்கி அழைக்கவில்லை. 2000-இல் டீனோ ஜோஃப் அழைக்கவில்லை. 2002 உலகக் கோப்பைக்கு ஜொவான்னி டிராபட்டோனி அழைக்கவில்லை.

இந்தக் கடைசி மறுப்பு மக்களை உண்மையிலேயே புண்படுத்தியது. 35 வயதில், 2002-இன் தொடக்கத்தில், இன்னொரு முழங்காலின் தசைநார் அறுந்தது. பதினொரு வாரங்களில் மைதானத்துக்குத் திரும்பினார். ஏப்ரல் 21 அன்று மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் போட்டார், எதிரணி ஃபியோரென்டினா. அந்த முறை அணிப் பட்டியல் 22-இலிருந்து 23 பேராக விரிந்திருந்தது. கூடுதலாகக் கிடைத்த அந்த ஓர் இடம் அவருக்குத்தான் என்று நாடு நம்பியது. கிடைக்கவில்லை.

என் முடிவு இங்கேதான் உருவாகிறது. கால்பந்தை நடத்தியவர்கள் அவரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பார்த்தவர்கள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாஜியோவுக்குக் கைதட்டுவது ஒரு வாக்கைப் போல ஆனது. எந்த அணியின் ரசிகனும் அதைப் போடலாம், ஏனென்றால் எந்த அணியும் அவரைத் தன் சொத்து என்று உரிமை கொண்டாட முடியாது. ஏழு அணிகள், எதிலும் ஐந்து பருவங்களுக்கு மேல் இல்லை. மால்டினி மிலானுடையவர், ஃபிரான்செஸ்கோ டோட்டி ரோமாவுடையவர், டெல் பியரோ யுவென்டஸுடையவர். டெல் பியரோவை 2008-இல் ரியல் மாட்ரிட் ரசிகர்களே எழுந்து நின்று பாராட்டினார்கள். 2006-இல் உலகக் கோப்பையும் வென்றார். இருந்தாலும் இத்தாலியில் அவர் பெயரைச் சொன்னால் கருப்பு வெள்ளைச் சட்டை முன்னால் வந்து நிற்கும். சொந்தமாக ஆகிவிட்ட வீரரிடம் ரசிகர்கள் கணக்கும் கேட்பார்கள். மால்டினிக்கு 2009-இல் நடந்தது அதுதான்.

பாசடேனா

இனி அந்தப் பெனால்டிக்கு வரலாம்.

1994 உலகக் கோப்பையின் முதல் சுற்றில் பாஜியோ ஒரு கோல்கூடப் போடவில்லை. நார்வேக்கு எதிராகக் கோல்காவலர் வெளியேற்றப்பட்டதும், தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த சாக்கி வெளியே எடுத்தது பாஜியோவை. முந்தைய ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது வாங்கியவரை. ‘இவருக்குப் பைத்தியம்’ என்று பாஜியோ முணுமுணுத்ததை உலகமே உதட்டசைவில் படித்தது.

பிறகு நைஜீரியா. 88-ஆவது நிமிடம்வரை இத்தாலி பின்தங்கியிருந்தது. மாற்று வீரராக வந்த ஜோலா, தன் 28-ஆவது பிறந்தநாளன்று, சில நிமிடங்களிலேயே சிவப்பு அட்டை வாங்கிக் கலங்கி வெளியேறியிருந்தார். பத்துப் பேருடன் ஆடிய அணிக்குப் பாஜியோ சமன் கோல் போட்டார். கூடுதல் நேரத்தில் பெனால்டியில் வெற்றிக் கோலும் போட்டார். காலிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோல். அரையிறுதியில் பல்கேரியாவுக்கு எதிராக நான்கே நிமிட இடைவெளியில் இரண்டு. அந்த ஆட்டத்திலேயே தொடைத்தசை இழுத்துக்கொண்டது. இறுதிப் போட்டிக்கு அவர் முழுத் தகுதியோடு வரவில்லை.

1994 ஜூலை 17, அமெரிக்காவின் பாசடேனா நகரில் ரோஸ் பவுல் மைதானம், 94,000-க்கும் மேற்பட்ட மக்கள், நண்பகல் வெயில். கோல் இல்லாமல் 120 நிமிடங்கள். பெனால்டி வரிசையில் இத்தாலிக்கு முதலில் வந்தவர் பரேசி. முழங்கால் அறுவை முடிந்து ஒரு மாதம்கூட ஆகாமல் இறங்கி, ரொமாரியோவை ஆட்டம் முழுவதும் கட்டிப்போட்டவர். பந்து கம்பத்துக்கு மேலே போனது. நான்காவதாக வந்த டேனியேலே மசாரோவின் உதையை பிரேசில் கோல்காவலர் டஃபரெல் தடுத்தார். ஐந்தாவதாக பாஜியோ. டஃபரெல் எப்போதும் ஒரு பக்கம் பாய்வார் என்று தெரிந்து நடுவில் உயரமாக அடிக்க நினைத்ததாக அவர் பின்னர் விளக்கியிருக்கிறார். பந்து மேலே போய்விட்டது. கோப்பை பிரேசிலுக்கு.

தவறவிட்ட இத்தாலியர்கள் மூன்று பேர். மசாரோவை இன்று யார் நினைக்கிறார்கள்? தோல்வியின் துயரம் மட்டும் ஒருவரை அன்புக்குரியவர் ஆக்கும் என்றால், அதில் மூவருக்கும் பங்கு உண்டு. 1998 உலகக் கோப்பையில் பிரான்சுக்கு எதிராகக் கடைசிப் பெனால்டியைக் கம்பத்தில் அடித்த லூயிஜி டி பியாஜோவுக்கும் உண்டு. பாஜியோவின் துயரம் தனியாக நிற்பதற்குக் காரணம், அந்த இடத்துக்கு அணியைக் கொண்டுவந்த கால் அதுதான் என்பது. இறுதிப் போட்டிக்கு முந்தைய மூன்று ஆட்டங்களில் இத்தாலி போட்ட ஆறு கோல்களில் ஐந்து அவருடையவை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1998 ஜூன் 11. உலகக் கோப்பையில், பிரான்சின் போர்தோ நகரில் சிலிக்கு எதிரான முதல் ஆட்டம், இத்தாலி 1-2 என்று பின்தங்கியிருக்கிறது. பாஜியோ உதைத்த பந்து எதிரணி வீரரின் கையில் பட்டது, பெனால்டி. இன்னும் ஐந்து நிமிடம்தான். அவர் முழங்கால்களில் கை ஊன்றிக் குனிந்து நின்ற காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நான்கு ஆண்டுகளாக அவரைத் துரத்திய அதே தூரம். எடுத்தார், கோல். காலிறுதியில் பிரான்சுக்கு எதிரான பெனால்டி வரிசையிலும் முதல் ஆளாக வந்து கோல் போட்டார். ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்கிலாச்சியும் நினைவின் அளவும்

எதிர் உதாரணம் ஒன்றையும் பார்த்தாக வேண்டும்; இல்லையென்றால் ஆய்வு ஒருபக்கமாகிவிடும். சல்வடோரே ஸ்கிலாச்சி. 1990 உலகக் கோப்பையில் ஆறு கோல், அதிக கோல் அடித்தவருக்கான விருது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கிடைத்த பெனால்டியைப் பாஜியோ அவருக்கு விட்டுக்கொடுத்ததால்தான் அந்த ஆறாவது கோல் வந்தது. தேசிய அணிக்கு அவர் ஆடியது 16 ஆட்டங்கள், மொத்தம் 7 கோல். 2024 செப்டம்பரில் அவர் இறந்தபோது பலேர்மோ நகரமே திரண்டது. ஆகவே பிரியம் நீடிக்க நெடிய வாழ்க்கை தேவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்கிலாச்சியை நினைப்பவர்கள் ஒரு கோடைகாலத்தை நினைக்கிறார்கள். அகலத் திறந்த அந்தக் கண்களை. பாஜியோவை நினைப்பவர்களில் ஒவ்வொருவரும் வேறு ஆண்டை, வேறு சட்டையைச் சொல்வார்கள்.

அவற்றுள் நான் தேர்ந்தெடுப்பது பிரெஷியாவின் நீலச் சட்டையை. 2000 மே மாதம், இன்டர் மிலானில் தன்னை ஓரங்கட்டிய பயிற்சியாளர் மார்செல்லோ லிப்பியின் கீழ், பார்மாவுக்கு எதிரான தகுதி ஆட்டத்தில் இரண்டு அற்புதமான கோல்கள் போட்டார். இன்டர் 3-1 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பைப் பெற்றது. லிப்பியின் பதவி தப்பியது. பாஜியோவுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அந்தக் கோடையில் அணி இல்லாமல் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தவரை, கார்லோ மட்ஸோனே என்ற ரோமாபுரிப் பெரியவர் பிரெஷியாவுக்கு அழைத்தார். வரைபடத்தைப் பாஜியோவுக்கேற்ப வரைந்த பயிற்சியாளர் அவர். எப்போதும் கீழிறங்கும் அபாயத்தில் இருந்த அணி, அவர் ஆடிய நான்கு பருவங்களும் முதல் தர லீக்கில் நின்றது. 95 ஆட்டங்களில் 45 கோல். 2001 ஏப்ரலில் யுவென்டஸ் மைதானத்தில், ஆண்ட்ரேயா பிர்லோ நடுக்களத்திலிருந்து அனுப்பிய நெடும் பந்தை, தோளுக்கு மேலாக வரும்போதே ஒரே தொடுதலில் வாங்கி, அதே தொடுதலில் கோல்காவலரையும் கடந்து போட்ட கோலை ஒருமுறையாவது பாருங்கள். பாஜியோ ஓய்வு பெற்ற அடுத்த பருவமே பிரெஷியா கீழிறங்கியது. பத்தாம் எண்ணை அந்த அணி வேறு யாருக்கும் தராமல் எடுத்து வைத்தது.

ஓய்வுக்குப் பின்

சக வீரர்கள் பலர் பயிற்சியாளரானார்கள், தொலைக்காட்சிக்கு வந்தார்கள். ராபர்ட்டோ மன்சினி 2021-இல் இத்தாலிக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 2023-இல் தேசிய அணியை விட்டு சவூதி அரேபியாவுக்குப் போனபோது அந்த நன்றியில் பெரும்பகுதி கரைந்தது. பாஜியோ விசென்சா அருகே தன் நிலத்தில் ஒதுங்கிக்கொண்டார். 1980களின் இறுதியிலிருந்து பௌத்தர். அதேசமயம் வேட்டைப் பிரியரும்கூட. இந்த முரண்பாட்டை அவர் மறைத்ததில்லை.

ஒரேயொரு முறை பொதுவெளிக்குத் திரும்பினார். 2010-இல் இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவரானார். இளம் வீரர்களை எப்படிக் கண்டறிவது, எப்படி வளர்ப்பது, பயிற்சியாளர்களுக்கு எதைக் கற்றுத்தருவது என்று 900 பக்கத் திட்டத்தைத் தயாரித்து 2011-இல் ஒப்படைத்தார். அது தூங்கியது. தன் வேலை செத்த எழுத்தாகிவிட்டது என்று சொல்லி 2013 ஜனவரியில் விலகினார். பதவிக்காக இருக்கையில் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியவில்லை.

2017 நவம்பர் 13 அன்று ஸ்வீடனுக்கு எதிராக ஒரு கோல்கூடப் போட முடியாமல், அறுபது ஆண்டுகளில் முதல்முறையாக இத்தாலி உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாமல் போனது. ஆட்டம் நடந்த இடம் சான் சிரோ. அடுத்து வந்த நாட்களில், யாரும் படிக்காத அந்த 900 பக்கங்களைப் பற்றி இத்தாலியர்கள் பேசத் தொடங்கினார்கள்.